வழியனுப்பும் குழுவின் தலைவருக்குத் தகவல் தெரிவித்தது பற்றி

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன. வயது எழுபத்திரண்டு. நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வட்டாரச் சேவைச் சங்கத்தில் ஒன்பது ஆண்டுகளாகச் செயலாளர். சங்கத்தில் என்னைப் 'பட்டியல் சார்' என்று கூப்பிடுவார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கம் நடத்திய இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கு வந்த ஓர் அம்மாள், முகாம் நடந்த பள்ளிக்கூடத்தின் பின்பக்கப் படியில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, தலையிலும் அடிபட்டு மருத்துவமனையில் இருப்பது தொடர்பாக இன்று விசாரிக்கப்படுகிறேன்.

வரிசைப்படுத்திக்கொண்டால்தான் எனக்குப் பேச வரும் என்று ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சம்மதித்ததால், நான் சொல்லப்போகும் விஷயங்கள் பின்வருமாறு:

1. குழுக்கள் அமைத்த கூட்டம்.
2. குழுக்களின் பொறுப்புகள், குறிப்பாக வழியனுப்பும் குழுவினுடையது.
3. தையற்கடைக்காரர் அந்தக் குழுவுக்குத் தலைவரான விதம்.
4. அதை நான் அவருக்கு நேரில் தெரிவித்தது.
5. முகாம் அன்று நடந்தது.

முதலாவது. முகாமுக்கு ஐந்து நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை மாலை, பள்ளிக்கூடத்தின் ஓவிய வகுப்பறையில் கூடினோம். உறுப்பினர்கள் பத்தொன்பது பேரில் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். சங்கத் தலைவராக இருப்பவர் இரும்புக் கடைக்காரர். நான் முன்கூட்டியே ஏழு குழுக்களின் பெயரையும் கட்டம் போட்டு எழுதிக் கொண்டுபோயிருந்தேன்.

இரண்டாவது. பதிவு, வரிசை, அரங்கம், மருந்து, சிற்றுண்டி, விளம்பரம், வழியனுப்புதல் என்பவை அந்த ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். அவரே தமக்கு வேண்டிய இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வார். வழியனுப்பும் குழுவின் பொறுப்பு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடப்பட்டவர்களை வேன் வைத்து வீட்டு வாசலில் இறக்கிவிடுவது. கூட்டத்துக்கு வந்திருந்த கண் மருத்துவரே இதைச் சொன்னார். "மருந்து விட்டா மூணு மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும். படி எது, பள்ளம் எதுன்னு தெரியாது. ஒருத்தரையும் தனியா விட்டுராதீங்க" என்றார். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது. வழியனுப்பும் குழுவுக்கு யாரும் ஆசைப்படுவதில்லை. மற்றவர்கள் கைகழுவிவிட்டுக் கிளம்பும்போதுதான் அந்தக் குழுவுக்கு வேலை ஆரம்பிக்கும். புகைப்படம் எடுப்பவரும் அதற்குள் போய்விடுவார். ஆகவே கூட்டத்துக்கு வராதவரின் தலையில் அதைக் கட்டிவிடுவது எங்கள் சங்கத்து வழக்கம். அன்று வராத நால்வரில் மூவர் வெளியூரில் இருந்தார்கள். தையற்கடைக்காரர் ஒருவர்தான் மிச்சம். தலைவர், "டெய்லர் வரலையா? அப்ப வழியனுப்புறது டெய்லர்தான். வந்திருந்தா தப்பிச்சிருப்பாரு" என்றார். விளம்பரக் குழுக்காரர், "அவர் கோவத்துக்கு நோயாளிங்க வேன் வர்றதுக்கு முன்னாடியே ஓடிருவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு, வராதவருக்கு மூன்று நாளுக்குள் செயலாளர் நேரில் தெரிவித்து, பதிவேட்டில் 'தெரிவித்தது' என்ற கட்டத்தில் குறி போட வேண்டும் என்ற விதியைத் தலைவர் நினைவூட்டினார். அந்த விதியை எழுதியவனே நான்தான்.

நான்காவது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிளம்பி தையற்கடைக்காரரின் கடைக்குச் சென்றேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். விவரம் தெரிவிக்கப்பட்டது. பதிவேட்டில் நீல மையில் உள்ள குறி என்னுடையது. தாங்கள் கைப்பற்றியிருக்கும் பதிவேடு அதுதான்.

ஐந்தாவது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு முகாம் தொடங்கியது. முப்பத்தொரு பேருக்குச் சொட்டு மருந்து விடப்பட்டது. அவர்களில் இருபது பேருக்குத் துணையாக ஆள் வந்திருந்தது. பதினொரு பேர் தனியாக வந்தவர்கள். அவர்களை முன்வாசல் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார வைத்தோம். விழுந்த அம்மாள் வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் ஆலையில் காலை ஷிப்ட் என்பதால் தனியாக வந்ததாகப் பதிவின்போது சொல்லியிருந்தார். அவருக்குப் பதினொன்றரைக்கு மருந்து விடப்பட்டது.

பன்னிரண்டு மணிக்கு நான் அந்தப் பக்கம் போனபோது, "யாரு, பட்டியல் சாரா? செருப்புச் சத்தத்தை வச்சுச் சொல்றேன், முகம் ஒண்ணும் தெரியல. நாற்பது வருஷம் புத்தக முதுகைப் பார்த்தே பேர் சொன்னவ நான், இன்னிக்கு என் கைரேகை எனக்குத் தெரியல" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "வண்டி எப்ப சார் வரும்?" என்று கேட்டார். "இப்ப வந்துரும்மா" என்றேன். பன்னிரண்டேகாலுக்கும் பன்னிரண்டரைக்கும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன்.

அதன் பிறகு சங்கத் தலைவரிடம் போய் வேன் வரவில்லை என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அது யாரு பொறுப்புன்னு உங்க பட்டியலைப் பாருங்க சார், என்னைக் கேட்டா?" என்றார். அதன் பிறகு பன்னிரண்டு நாற்பதுக்குத் தையற்கடைக்காரருக்குப் போன் செய்தேன். வேன் எங்கே என்று கேட்டேன். "எந்த வேன் சார்? நான் ஒரு வீட்ல அளவெடுத்துட்டு இருக்கேன். ராங் நம்பரா?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில், நான் சொல்வதை எழுதிக்கொண்டிருந்த தலைமைக் காவலர் எழுதுவதை நிறுத்தி, "ஐயா, வியாழக்கிழமை சொன்னதை ஞாயித்துக்கிழமை மறந்துட்டாரா?" என்று கேட்டார். அவருக்கு வேலை அதிகம், மறந்திருக்கலாம் என்று பதில் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு ஆட்டோ பிடிப்பதற்காக நான் பெரிய சாலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பதால் கிடைக்கவில்லை. இரண்டு ஆட்டோக்களுடன் திரும்பி வரும்போது மணி ஒன்று இருபது. தாழ்வாரத்தில் பத்துப் பேர்தான் இருந்தார்கள். அந்த அம்மாள் எங்கே என்று கேட்டேன். "ரெண்டு தெருதான், சுவத்தைத் தடவிக்கிட்டே போயிருவேன்னு பின்பக்கமா போனாங்க. அந்த சாரும் எத்தனை தடவைதான் பொய் சொல்லுவாரு பாவம்னு சொல்லிட்டுப் போனாங்க" என்று பக்கத்துப் பெஞ்சுக்காரர் சொன்னார். நான் பின்பக்கம் போனேன். அங்கே ஐந்து படிகள். அம்மாள் கடைசிப் படிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். மருத்துவர் கொடுத்த கறுப்புக் கண்ணாடி மேல்படியில் உடையாமல் இருந்தது. அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. மூன்று நாளாகியும் அவருக்கு நினைவு சரியாகத் திரும்பவில்லை என்று மகன் சொல்கிறார். மகன் கொடுத்த புகாரின்பேரில், வாகனப் பொறுப்பாளர் என்று பதிவேட்டில் உள்ள தையற்கடைக்காரர் இன்று காலை அழைத்து வரப்பட்டு வெளிப் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். பதிவேட்டின்படி அவர் மேல்தான் வழக்கு வரும் என்று ஆய்வாளர் என்னிடம் தெரிவித்தார்.

இதுவரை எழுதியதைத் தலைமைக் காவலர் எனக்குப் படித்துக் காட்டினார். முதல் மூன்றும் சரி என்றேன். நான்காவதை அவர் படித்து முடித்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னேன். படித்தார். அதன் பிறகு பின்வருவதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

பதிவேட்டில் குறியைக் கடைக்குப் போய் வந்த பிறகு நான் போடவில்லை. வீட்டிலிருந்து புறப்படும்போதே போட்டேன். வந்து போட மறந்துவிடுவேன் என்ற பயத்தில் எப்போதும் அப்படித்தான் செய்வேன். போன வருடம் அவர் வராதபோது அவரை அரங்கக் குழுவுக்குப் போட்டோம். அவர் என் வீட்டுக்கே வந்து, என் மனைவி முன்னால், "என்னைக் கேக்காம என் பேரை எழுத நீங்க யாரு சார்? உங்க பென்சிலுக்கு ஆடுற பொம்மையா நான்?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை நான் அவர் கடைக்குள் போகவில்லை. எதிர்ச்சாரியில் மருந்துக் கடை வாசலில் நின்றேன். அவர் யாரிடமோ ஒரு சட்டைக் கையைத் தூக்கிக் காட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓயட்டும் என்று இருபது நிமிடம் நின்றேன். மருந்துக் கடைக்காரர் என்னையே பார்த்ததால் ஓர் அட்டை இருமல் மிட்டாய் வாங்கினேன். அதன் பிறகு வீட்டுக்குத் திரும்பினேன். வெள்ளிக்கிழமை இரண்டு தடவை போன் செய்து, மணி அடிப்பதற்குள் நானே துண்டித்துவிட்டேன். சனிக்கிழமை பதிவேட்டைச் சரிபார்க்கும்போது குறி இருந்தது. அதைப் பார்த்ததும் சொல்லிவிட்டதாகவே மனத்துக்குப் பட்டது. அந்த நினைப்பை நான் கலைக்க விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் குரலைக் கேட்டதும் எல்லாம் புரிந்துவிட்டது. அப்போதாவது பெஞ்சில் இருந்த பதினொரு பேரிடமும் வண்டி வராது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆகவே நான்காவதாக நான் சொன்னது தவறு. தையற்கடைக்காரருக்கு எதுவும் தெரியாது. இங்கு உட்கார வைக்கப்படும் வரை, தாம் எந்தக் குழுவின் தலைவர் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான்காவது பத்தியை அடித்துவிடலாமா என்று தலைமைக் காவலர் கேட்டார். அடிக்க வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

அவரிடம் யாராவது போய் இதைச் சொல்லிவிடுகிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வெளியே போகும்போது நானே சொல்கிறேன்.

மேலே எழுதியவற்றை இரண்டு தடவை கேட்டேன். நான்காவதும், அவர் மறந்திருக்கலாம் என்று நான் சொன்ன பதிலும் நீங்கலாக மற்றதெல்லாம் நடந்தபடியே உள்ளது. யாரும் வற்புறுத்தாமல் நானாகச் சொன்னது.

(ஒப்பம்)
செயலாளர்