பதுளைக்கு வெளியே எடுத்த படங்கள்

ரெங்கம்மா: ...அதுக்கில்லீங்க மொதலாளி. ரூபன் ஒங்க ஸ்டூடியோவுல வேல செய்றான், கல்யாண வீட்டுல நாலு படம் புடிப்பான்னுதான் நெனச்சேன். லீவு நாளெல்லாம் டவுனுக்கு வெளிய குப்பமேட்டுல நிக்கிறானாமே?

மஹ்ரூப்: யாரு சொன்ன?

ரெங்கம்மா: பசற பஸ்ஸுல வர்றவங்க பாத்திருக்காங்க. ரெங்கம்மா மகன் குப்பையப் போட்டோ புடிக்கிறான்னு தோட்டத்து லயத்து வீடுங்கள்ல சிரிப்பு.

மஹ்ரூப்: சிரிக்கட்டும். இந்தாங்க, நீங்களே பாருங்க. எல்லாம் ஒங்கட மகன் எடுத்ததுதான்.

ரெங்கம்மா: ஆளே இல்லியே இதுல... இது என்ன, மரக்காலையா?

மஹ்ரூப்: ஓ, மரத்தூள் கொட்டுற பக்கம். இது லொறி கராஜுக்குப் பின்னால.

ரெங்கம்மா: ஒரே துருப்புடிச்ச தகரம். இதப் போயா... துன்ஹிந்தையில தண்ணி விழுறத எடுத்தா நாலு பேரு பாப்பாங்க.

மஹ்ரூப்: நானும் கேட்டேன்.

ரெங்கம்மா: என்ன சொன்னான்?

மஹ்ரூப்: சிரிச்சிட்டு கெமராவத் தூக்கிட்டுப் போயிட்டான்.

ரெங்கம்மா: இது?

மஹ்ரூப்: செங்கல் சூளை. அந்தக் கொட்டில்ல கூலிக்கு வாரவங்க...

ரெங்கம்மா: படுப்பாங்க. தெரியும்.

மஹ்ரூப்: அங்க போயிருக்கீங்களா?

ரெங்கம்மா: ...ரூபனோட அப்பா இருந்தாரு. தோட்டத்து ஃபெக்டரிய மூடுனதும் டவுனுக்கு வந்தாரு... மொதல்ல மரக்காலை, அப்புறம் கராஜு. கடைசியா இங்கதான்.

மஹ்ரூப்: அவரு கொழும்புல, ஹோட்டல் வேலையிலன்னு...

ரெங்கம்மா: எல்லார்ட்டயும் அப்படித்தான் சொன்னேன்.

மஹ்ரூப்: உக்காருங்க.

ரெங்கம்மா: காய்ச்சல்ல கெடந்து செத்துட்டாரு மொதலாளி. ஆஸ்பத்திரியில நாந்தான் அடையாளம் சொன்னேன். மறுநா ரூபனுக்குப் பரீட்ச. பொணத்தத் தோட்டத்துக்குக் கொண்டாந்தா எப்படி எழுதுவான்? இங்கயே பொதச்சிருங்கன்னு சொல்லிட்டு, விடிஞ்சதும் கொழுந்தெடுக்கப் போயிட்டேன்.

மஹ்ரூப்: யாருக்கும் தெரியாதா?

ரெங்கம்மா: தேயிலைக்குள்ள குனிஞ்சு நின்னு அழுதேன். பக்கத்து நெரைக்காரி கேட்டா. கண்ணுல தூசின்னேன்.

மஹ்ரூப்: பரீட்ச முடிஞ்ச பொறகாவது...

ரெங்கம்மா: சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்பா எப்பம்மா வருவாருன்னு கேட்டுட்டான். தீவாளிக்குன்னு வந்துருச்சு வாயில. கொஞ்ச நாள்ல அவனும் கேக்குறத விட்டுட்டான்.

மஹ்ரூப்: ம்.

ரெங்கம்மா: அவன்கிட்ட சொல்லிறாதீங்க. இந்தப் படம் புடிக்கிறத மட்டும் நிறுத்தச் சொல்லுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தப் பக்கமே சுத்துனான்னா சூளையில யாராவது சொல்லிருவாங்க.

மஹ்ரூப்: ரெங்கம்மாக்கா...

ரெங்கம்மா: ஏன் அப்படிப் பாக்குறீங்க?

மஹ்ரூப்: ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்தேன்.

ரெங்கம்மா: என்னத்த?

மஹ்ரூப்: சூளையில எப்பவோ சொல்லிட்டாங்க. அண்டைக்குத்தான் வந்து கெமராக் கேட்டான். அப்பாட போட்டோ ஒண்ணுகூட வீட்டுல இல்ல, அவரு இருந்த எடத்தையாவது எடுத்து வச்சுக்கிறேன்னான். அம்மாகிட்ட கேட்டுப் பாரன்டான்னேன். வேணாம், அம்மா இன்னும் பொட்டு வச்சிருக்கு, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அழிச்சிரும்னான்.