கம்பியில் சாய்ந்தது யார்

— நட்டைக் கெட்டியா புடிச்சுக்கோம்மா. மேல நான் போல்ட்டைத் திருகினா அதுவும் கூடவே சுத்துது.

— புடிச்சுட்டுதான் இருக்கேன். படகுத் தளத்துக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு கழுத்தே ஒடியுது. நல்லா இருந்த கைப்பிடிக் கம்பி எப்படிங்க அடியோட பேந்துச்சு?

— உப்புத் தண்ணியாச்சே. போல்ட்டைத் துரு தின்னுடுச்சு.

— துரு மட்டும் போதுமா? யாரோ சாய்ஞ்சிருக்காங்க.

— நான்தான் சாய்ஞ்சேன்.

— மகராசன் ஸ்டீயரிங்கை விட்டு எழுந்திரிச்சாத்தானே சாய்றதுக்கு! இந்தப் படகுல நான் குமட்டிக்கிட்டுக் கிடந்தப்பவே திரும்பிப் பார்க்கல.

— பொறும்மா. அந்தப் பெரிய வாஷரைக் குடு.

— இந்தாங்க. பக்கத்துப் படகுக்காரி எல்லாம் சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமையானா போதுமாம், தலையோட போர்வை போத்தின யாரையோ கைத்தாங்கலா இறக்கி விடறீங்களாம்.

— அவளுக்கு வேற வேலையில்ல.

— ஃபிளாஸ்க்ல சர்க்கரை போடாத டீ. நம்ம ரெண்டு பேருக்கும் அது தொண்டையில இறங்காது. சீட்ல புது மெத்தை வேற. அவளுக்குப் படகு ஒத்துக்குதாக்கும்? குமட்டாதாக்கும்?

— ஐயோ, நீ நினைக்கிற மாதிரி இல்லம்மா.

— இந்தாங்க உங்க ஸ்பானர். அவளையே கூப்பிட்டுப் புடிக்கச் சொல்லுங்க.

— விடாத, விடாத! கம்பி பேந்து தண்ணியில விழப் போனாரு. சட்டையைப் புடிச்சு இழுத்துப் போட்டேன். போதுமா?

— போனாரா? ஆம்பளையா? யாருங்க?

— உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு.

— யாருன்னு கேக்குறேன்.

— உங்கப்பா.

— என்ன சொன்னீங்க?

— உங்கப்பாதாம்மா. ஒருநாள் கரையில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு. ஒரு சுத்து வரலாமான்னு கேட்டாரு. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. உன் பேச்சை எடுத்தா முகத்தைத் திருப்பிக்குவாரு. மத்தபடி மீனு, மேகம், படகு இஞ்சினுன்னு வாய் ஓயாது. விழுந்து விழுந்து சிரிப்பாரு. அன்னிக்குத் தண்ணியில சரியறப்பதான் முதல் தடவையா "மாப்ளே"ன்னு கத்தினாரு... கேக்குதாம்மா? நட்டு சுத்துது பாரு. ஏன் கையை எடுத்துட்ட?

— எவளாவது இருந்திருந்தாக்கூடத் தாங்கியிருப்பேங்க. நம்ம கல்யாணத்தன்னிக்கு "எனக்கு மகளே இல்ல"ன்னு சொல்லிட்டுப் போன மனுஷன், வாராவாரம் உங்களைப் பார்த்துச் சிரிச்சிருக்காரு.