டென்னி தின்ற தட்டு

மீன் வறுவலுக்கு மாவு கெட்டியாக இருக்கக் கூடாது ஐயா. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தீயணைப்புக் கூடத்தில் ஊருக்கு நடக்கும் மீன் விருந்துக்கு மாவு கரைப்பது நான்தான். பெயர் வெர்ன் ஹ்ருஸ்கா. தீ வண்டியில் தண்ணீர்ப் பம்பை இயக்குபவனும் நானே. பென்சில்வேனியாவின் இந்த மலைப்பக்கத்தில் இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது, ஊருக்காகச் செய்கிறோம்.

அந்தக் கூடத்தில்தான் டென்னி மட்லாக் வந்து உட்கார்ந்து மீன் தின்றான். பத்தொன்பது வயதில் என் பக்கத்து நிலத்துக்காரர் மரீனோவின் வைக்கோல் கொட்டகையை எரித்ததற்காகச் சிறைக்குப் போனவன். இத்தனை வருடம் கழித்து ஒரு நீதிபதி அந்தக் குற்றப் பதிவையே சட்டப்படி அழித்துவிட்டார். தண்டனை பெற்றதுண்டா என்று கேட்டால் 'இல்லை' என்று அவன் சொல்லலாமாம். எங்கள் தீயணைப்புப் படையில் சேர வந்தபோது அப்படித்தான் சொன்னான்.

அவனைச் சேர்க்க வேண்டாம் என்று படைத்தலைவர் கார்லிடம் போய்ச் சொன்னேன்.

"அதக் கேக்கவே கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாருப்பா. அத வச்சு வேண்டாம்னா நம்ம மேலதான் வழக்கு வரும்" என்றார். "சட்டப்படி அவனும் உன்ன மாதிரிதான்."

என்னை மாதிரி. அவன் பக்கத்தில் நின்றாலே எனக்குப் பெட்ரோல் வாடை அடிக்கும். மற்றவர்களுக்கு அடிக்கவில்லையாம். அவன் தின்ற தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவுவேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டான்.

"கழுவினாப் போதுமேண்ணே, எதுக்குத் தூக்கிப் போடுறீங்க?" என்று சிரித்தான். பிறகு மெதுவாக, "அந்தக் கொட்டகைய நான் கொளுத்தலண்ணே. அப்பவும் சொன்னேன், யாரும் கேக்கல. நானே விட்டுட்டேன். நீங்களும் விட்ருங்க" என்றான்.

எவ்வளவு திமிர் பாருங்கள்.

அவனுடைய பழைய கதையை ஊரில் யாரிடமும் நான் பேசவில்லை. சட்டத்தை மதிப்பவன் நான். ஊருக்குத் தானாக ஞாபகம் வந்தால் அது என் தப்பா? அதனால் மரீனோ புதிதாகக் கட்டியிருந்த கொட்டகையில், எல்லோரும் ஞாயிறு பூசையில் இருந்தபோது, பெட்ரோல் ஊற்றினேன். டென்னி பூசைக்குப் போகிறவன் இல்லை. எங்கே இருந்தாய் என்று கேட்டால் அவனுக்குச் சாட்சி இருக்காது. நான் பூசைக்கு வராததற்குப் பல்வலி என்று சொல்லியிருந்தேன்.

சங்கு ஊதியதும் முதல் ஆளாக வந்து நின்றவன் அவன்தான். உள்ளே மரீனோவின் கிழட்டுக் குதிரை கட்டிக் கிடந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு நுழைந்தான். "தண்ணி விடுங்கண்ணே" என்று குரல் வந்தது. வால்வு என் கையில் இருந்தது. மூடினேன். குதிரை மட்டும் வெளியே வந்தது.

அடக்கத்தில் ஊரே அழுதது. சவப்பெட்டி மேல் எங்கள் படையின் தொப்பியை வைத்தார்கள். அதைப் பார்த்ததும் கல்லறைச் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவினேன். அவன் மண்ணுக்குள் போய்விட்டான், அந்த வாடை மட்டும் போகவில்லை.

முதல் தீயைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதுவும் நான்தான். மரீனோவோடு வேலித் தகராறு. டென்னி அங்கே நின்றதைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னதும் நான்தான். ஆனால் அவனைக் குற்றவாளி என்று சொன்னது நீதிமன்றம், நான் இல்லை. என் பெயரில் எந்தக் காலத்திலும் ஒரு வழக்கு கிடையாது ஐயா. அழிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருந்ததே இல்லை.