லூப்பேயின் பெயரில் ஓர் அர்ச்சனை

வெள்ளிக்கிழமை மாலை, மனோர் பார்க் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். சீட்டு எழுதும் அம்மாவிடம் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் போனிலிருந்து நிமிர்ந்தேன்.

“ஒரு மெக்சிகோக்காரப் பிள்ளைக்கு அர்ச்சனை செய்யோணும். பேர் லூப்பே.”

“ஆர் அண்ணை அது?”

“என்ர மனிசி ஒப்பரேஷன் முடிஞ்சு கிடந்த வார்ட்டில நேர்ஸ். மனிசி ஒரு கிழமையா ஒண்டையும் வாயில வைக்கேல்லை. எனக்குக் கை கால் ஓடேல்லை. இந்தப் பிள்ளைதான் டொக்டரிட்டக் கேட்டுப்போட்டு, மாங்காயை வெட்டி, தேசிக்காய்ப் புளியும் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொண்டந்தது.”

“எங்கட சாப்பாடு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

“நானும் அதைத்தான் கேட்டன். சிரிச்சுது. ‘இது எங்கட சாப்பாடு, மிளகாயே எங்கட நாட்டுப் பக்கமிருந்துதான் உங்களுக்கு வந்தது’ எண்டுது. போர்த்துக்கீசர் கப்பலில கொண்டு வர முதல் நாங்கள் மிளகுதானாம் போட்டனாங்கள்.”

“அக்கா சாப்பிட்டவவோ?”

“முழுக்கச் சாப்பிட்டிட்டு, சோறு இருக்கோ எண்டு கேட்டவ.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மா பேனாவை எடுத்தார். “நட்சத்திரம்?”

“அது தெரியாது.”

“அப்ப சுவாமி பேருக்குச் செய்விப்பம்.”

“வேண்டாம் பிள்ளை. லூப்பே, ரேவதி எண்டு எழுதுங்கோ. ரேவதி என்ர மனிசியின்ர நட்சத்திரம். அதைக் காப்பாத்தித் தந்தது அந்தப் பிள்ளைதானே.”