குரக்கனுக்குப் போர்த்திய போர்வை

எனக்கு எழுபது வயதாகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் கேகாலை பஸ்ஸில் முன் சீட்டு மீசைக்காரர், "குரக்கனுக்குப் போர்வை போத்திட்டு வந்திருக்கேன் மச்சான்" என்றால் காது என்ன செய்யும்? கேழ்வரகுக்குப் போர்வையா!

பக்கத்திலிருந்த மச்சான் சிரித்தார். "அதுக்கென்ன, குளிர் காய்ச்சலா?"

"பியர் போடுறேன். முளைகட்டின குரக்கன காயவச்சு இடிச்சு, சுடுதண்ணியில ஊறப் போட்டிருக்கு. சூடு எறங்கக் கூடாதுன்னு வாளிய தேயிலைப் பெட்டிக்குள்ள வச்சு, சுத்தி இலவம்பஞ்ச அடைச்சேன். மேல போர்வை."

"எதுல வடிப்பீங்க?"

"வாளி அடியில பைப்பு மாட்டியிருக்கு. பெட்டியில ஓட்ட போட்டு வெளிய எடுத்தேன். ரப்பர் பால் வடிக்கிற சல்லடையக் கழுவி வச்சிருக்கேன்."

"எந்தப் பெட்டி?"

"எங்க வீட்டுல நீங்க வச்ச பெட்டிதான்."

மச்சானின் சிரிப்பு நின்றது. "அது நாங்க இந்தியாவுக்குச் சாமான் கட்டுற பெட்டியில்ல? அடுத்த மாசம் ஒரேயடியாப் போற கப்பல். அதுல போய் ஓட்ட போட்டீங்களா?"

"நீங்க போக முன்ன ஒருக்கா சேந்து குடிக்கணும்னுதான்."

பஸ் இரண்டு வளைவு திரும்பியது.

"ஓட்டைய பலகை வச்சு அடைச்சித் தாறேன்," என்றார் மீசைக்காரர். "ஆனா பெட்டியில சிந்தின குரக்கன் தண்ணி வாசம் போகாது மச்சான்."

"இருக்கட்டும். அது எங்களோட வரட்டும்."

பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதியதை இப்போது வாசித்துக் காட்டு. அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் மெதுவாக வாசி. அவர் அப்படித்தான் சொன்னார்.