ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவர்

உங்கள் ஜீப்பில் முன்பக்க இடது சாக் அப்சார்பர் போய்விட்டது. நேற்று சம்பவ இடத்தைக் காட்ட என்னை அழைத்துப் போனீர்களே, அப்போதே கவனித்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் டொக் டொக்கென்று தட்டியது. சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்களோ என்று பேசாமல் வந்தேன். ஒரு மணி நேர வேலைதான், தள்ளிப் போடாமல் மாற்றிவிடுங்கள்.

பேப்பரும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி. வாயால் சொன்னால் ஏட்டையா தனக்குத் தோன்றியபடி எழுதிவிடுகிறார். தொழில் சம்பந்தப்பட்டதைத் தொழில் தெரிந்தவன் எழுதினால்தான் சரியாக இருக்கும். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெயர் மதுரைவீரன். புதுக்கோட்டை திருமயம் சாலையில் பதினாறு வருடமாக வீல், சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இறந்துபோன செந்தமிழன் என் நண்பன். ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்ச். படித்து முடித்ததும் அவன் அரிமளம் பக்கம் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராகப் போனான், நான் கிரீஸில் கையை வைத்தேன். கூடப் பிறந்தவன் இல்லாத குறை அவனால்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், பதினோரு வருடம் ஓடிய ஒரு சின்னக் காரை வாங்கி வந்து என் கடை வாசலில் நிறுத்தினான்.

"மாப்ள, ரோட்டுல போனா நாலு பேரு திரும்பிப் பாக்கணும். ஆனா என் சம்பளம் ஒனக்கே தெரியும்" என்றான்.

நான் சிரித்தேன். வண்டியைத் தாழ்த்த வேண்டும் என்றால் நம் ஊரில் பெரும்பாலான கடைகளில் ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டிவிடுவார்கள். பத்து நிமிட வேலை, அத்தோடு வண்டி குதிரை மாதிரி குதிக்க ஆரம்பித்துவிடும். நான் அதைச் செய்ய மாட்டேன். கோயம்புத்தூரில் பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் இரண்டு நாள் அலைந்து, கட்டையான ஸ்பிரிங் நான்கு எடுத்து வந்தேன். மதுரையில் அடிபட்ட ஒரு வண்டியிலிருந்து அலாய் வீல். அதில் ஒன்று கோணலாக இருந்ததை நானே நிமிர்த்தினேன். முன் பம்பருக்குக் கீழே கறுப்பாக ஒரு உதடு தெரியுமே, அது பஸ் கதவுக்குப் போடும் ரப்பர். பாட்டு கேட்கும் ஸ்பீக்கர் பெட்டியும் நான் அடித்ததுதான். பதினான்கு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் வேலை நடந்தது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பான். அக்கா மகள் காதுகுத்துக்குக்கூட நான் போகவில்லை.

என் மனைவி சொர்ணவல்லி கேலி பண்ணுவாள். "பேசாம அந்தக் காருக்கே ஒரு தாலியக் கட்டிருங்க, நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன்" என்பாள். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சக்கரத்தின் நட்டை முடுக்கி முடித்ததும், நட்டிலிருந்து வீல் வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு சின்னக் கோடு போடுவேன். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். கோடு நேராக இருந்தால் வீரன் முடுக்கியது முடுக்கியபடி இருக்கிறது என்று அர்த்தம். என்னிடம் வருகிறவர்கள் ஸ்பேனரைத் தொடுவதே இல்லை, கோட்டைத்தான் பார்ப்பார்கள். செந்தமிழனும் தினம் காலையில் கோயிலைச் சுற்றுவது போல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி நான்கு சக்கரத்தையும் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுவான். நான்தான் பழக்கினேன்.

போன தை மாதம் திருச்சியில் இப்படி மாற்றிய கார்களுக்காக ஒரு கூட்டம் நடத்தினார்கள். கடையில் வேலை இருந்ததால் நான் போகவில்லை. குறைந்த செலவில் செய்த வண்டிகளில் எங்கள் வண்டிக்கு முதல் பரிசு. யூடியூபில் அவனைப் பேட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். கடைக்கு வந்திருந்த இரண்டு வாடிக்கையாளர்களையும் எதிர்த்த டீக்கடை சந்தனத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்து, என் போனில் அதைப் போட்டேன். யார் செய்த வேலை என்று மைக்கை நீட்டிக் கேட்டார்கள்.

"எல்லாம் நானே வீட்ல வச்சுப் பண்ணதுங்க. ஊர்ல ஒரு மெக்கானிக் இருக்காரு, ஸ்பேனர் எடுத்துக் குடுப்பாரு" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

சந்தனம் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மற்ற இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அந்த இடத்தை மட்டும் தள்ளித் தள்ளித் திரும்பப் பார்த்தேன். என் பெயரை மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மறக்கவில்லையே, யோசித்து ஒரு வேலை கொடுத்திருக்கிறானே. முதுகில் குத்தினான் என்று சொல்வதெல்லாம் சும்மா பேச்சு என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கு முதுகுதான் வலித்தது.

மறுநாள் இனிப்புப் பெட்டியோடு வந்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"ஒரு ஃப்ளோல வந்துருச்சு மாப்ள. ஒன் பேரச் சொன்னா அங்கிட்டு யாருக்குத் தெரியப் போவுது?"

சரிதான் என்று சொல்லி ஒரு இனிப்பையும் எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் கீரனூரிலிருந்து ஒருவர் டயர் மாற்ற வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்த வீடியோல ஸ்பேனர் எடுத்துக் குடுக்குறவரு நீங்கதானா?" என்று கேட்டார். நல்ல மனிதர், கிண்டலாகக் கேட்கவில்லை. அவர் போன பிறகுதான் எனக்கு இந்த யோசனை வந்தது.

யோசனை இதுதான். வண்டியைச் செய்தவனுக்கு வண்டி பேசுவது கேட்கும். ஒரு சக்கரம் சரியாக உட்காரவில்லை என்றால் ஸ்டீயரிங் கையில் நடுங்கும், கீழே சத்தம் மாறும். செய்தவன் உடனே ஓரம் கட்டிவிடுவான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது தெரியாது. அவனே செய்தது என்றால் அவனுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. இதைவிட நியாயமாக ஒருவனைச் சோதித்துப் பார்க்க முடியாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சித்திரையில் மறுபடியும் திருச்சியில் கூட்டம் வைத்தார்கள். முந்தின நாள் சனிக்கிழமை பிரேக் பேட் மாற்ற வண்டியை விட்டுவிட்டுப் போனான். நான்கு சக்கரத்தையும் கழற்றி வேலை பார்த்து மாட்டினேன். மூன்றை நன்றாக முடுக்கினேன். நான்கிலும் மஞ்சள் கோடு போட்டேன். என் கை கொஞ்சமும் ஆடவில்லை, கோடு எல்லாம் சுத்தமாக வந்தது.

ஞாயிறு காலை மகளோடு வந்தான். இசைவாணிக்கு ஆறு வயது. அவன் மனைவி ரம்யாவுக்குத் தலைவலி, வீட்டிலேயே இருந்துவிட்டது. செந்தமிழன் வழக்கம் போல ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"லைன் எல்லாம் நேரா இருக்கு மாப்ள. கெளம்பட்டா?"

நான் தலையாட்டினேன்.

"வீரன் மாமா, நீங்க வரலையா?" என்று பிள்ளை கேட்டது.

"கடை இருக்கு கண்ணு" என்றேன்.

அவன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். "நீயும் வாயேன்டா. அன்னைக்கு நான் பேசுனது தப்புதான். ரம்யாகூட திட்டுச்சு. இன்னைக்கு மைக்கக் குடுத்தா ஒன் பேரத்தான் மொதல்ல சொல்லுவேன்" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க விரும்பவில்லை. அந்த நேரத்தில் இறங்கச் சொல்லி இரண்டு நிமிடத்தில் முடுக்கியிருக்கலாம்தான். ஆனால் ஏன் என்று கேட்பானே. வீரன் போட்ட கோடு பொய் என்று வீரன் வாயாலேயே எப்படிச் சொல்வது? பதினாறு வருடத்துப் பெயர். அவன் போய் என் பெயரை மேடையில் சொல்லப் போகிற நாளில், நானே அதைக் கெடுத்துக்கொள்வதா? பார்த்துப் போ என்று மட்டும் சொன்னேன். ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்துக்கொண்டுதான் கிளம்பினான்.

கீரனூர் தாண்டி நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் எழுத வேண்டியதில்லை. சாவு வீட்டில் ரம்யா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஒங்களுக்குத் தம்பி மாதிரி இருந்தாரேண்ணே" என்று அழுதது. நானும் அழுதேன். பொய்யாக அழவில்லை.

அதோடு பேசாமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் பேப்பரில் வந்த செய்திதான் என்னை இங்கே கொண்டுவந்தது. தந்தை, மகள் பலி என்று போட்டு, அதன் கீழே, முறையான மெக்கானிக் இல்லாமல் அவரே வீட்டில் வைத்து மாற்றிய கார் என்று எழுதியிருந்தார்கள். செத்த பிறகும் வண்டி அவன் செய்ததாகவே ஆகிவிட்டது. அந்த வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் என் வேலை. அதை எங்காவது ஒரு தாளில் பதிந்தாக வேண்டும்.

பிள்ளையைப் பற்றி மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். ஆமாம், அது ஏறும்போது பார்த்தேன், கதவைச் சாத்தியதே நான்தான். முன் வலது சக்கரத்தின் நான்கு நட்டையும் கையால் மட்டும் திருகிவிட்டு, முடுக்கியது போலக் கோடு போட்டு, அந்த வண்டியை ரோட்டுக்கு அனுப்பினேன். தெரிந்தே செய்தேன். ஆனால் இசைவாணி எப்போதும் பின்னால் இடப்பக்கம்தான் உட்காரும். அதற்காகவே அந்தப் பக்கத்துச் சக்கரத்தை மட்டும் இரண்டு தடவை முடுக்கினேன். வண்டி அப்பளமாக நொறுங்கியும் அந்தச் சக்கரம் அசையவில்லை என்பதை நேற்று நீங்களே தொட்டுப் பார்த்தீர்கள். அந்தப் பிள்ளை விஷயத்தில் என் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.