செத்தவர் வீட்டில் இல்லை

ஹலோ... ஹலோ, மாமா? நான் மாரிசெல்வி பேசுதேன்... ஆமா, ஆமா, மகாபலேஷ்வர்லதான் இருக்கோம்... குளிரு கெடக்கு மாமா, முதல்ல நான் சொல்லுதத கேளுங்க. வீட்டுல தனியாத்தான இருக்கீங்க?... அந்த டிவிய அமத்துங்க... அமத்தியாச்சா?

கோவப்படாதீங்க. நீங்க செத்துட்டீங்க.

...எனக்கு ஒண்ணும் கிறுக்குப் பிடிக்கல மாமா! எல்லாம் உங்க மவன் செஞ்ச வேல. வேல பர்மனென்ட் ஆவுதுன்னு நேர்த்திக்கடனுக்கு நேத்து தாராவி சலூன்லயே மொட்டையப் போட்டுட்டு, ஊருக்குத்தான் டிக்கெட் கெடைக்கல, இந்த மலை ஈஸ்வரன்கிட்டயாவது கும்புட்டுருவோம்னு வந்தோம்லா? காலையில கோயில்ல, கல்லுமாட்டு வாயில இருந்து தண்ணி விழுமே, அங்கன போய் நிக்கோம்... முன்னால யாரு? இவிய ஆபீஸ் பெரிய சார்! சாவந்த் சார்!

...வணக்கம் சொல்லவா விட்டாரு? மராட்டிக்காரங்கள்ல அப்பா செத்தாத்தான் மொட்டை அடிப்பாங்க மாமா. இவியளக் கண்டதும் கட்டிப்புடிச்சு, "அரே செல்வம், அப்பா போயிட்டாரா"ன்னு ஒரே அழுகை...

இவியளா? தலைய ஆட்டிட்டு நிக்காவ!... எப்படி இல்லேன்னு சொல்ல? உங்களுக்கு சீரியஸுன்னு சொல்லில்லா ஆபீஸ்ல லீவு வாங்கிருக்காவ... சத்தியமா எனக்கும் இப்பத்தான் தெரியும்!

அதோட விட்டாரா அவரு? ஐயரக் கூப்பிட்டு எள்ளும் தண்ணியும் எறைக்க வச்சு, அந்த ஐஸ் தண்ணியில மூணு முங்கு முங்க வச்சுட்டாரு... ஆமா, உங்களுக்குத்தான். வெயிலுமுத்துன்னு உங்க பேரச் சொல்லித்தான்... அழகாச் சொன்னாரு மாமா, கொறையொண்ணுமில்ல. வெள்ளக்காரன் கட்டுன பங்களா ஓட்டல்னு ஆசையா ரூம் போட்டோம். மொட்டையப் பாத்துட்டு மேனேஜர் பாட்ட அமத்திட்டான். படகுக்காரன் எங்களப் பாத்து கையெடுத்துக் கும்பிடுதான். ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம செவத்தப் பாத்துத் திரும்பி நின்னு திங்கோம்.

அதெல்லாம் இருக்கட்டும். சாவந்த் சார் ஆபீசுக்கு போன் போட்டுட்டாரு. நாலு பேரு மாலையோட நம்ம வீட்டுக்குத்தான் வாராங்க, சயன் ஸ்டேஷன் தாண்டியாச்சாம். நீங்க சட்டையப் போட்டுக்கிட்டு மான்குர்துக்கு, கீதா மைனி வீட்டுக்குப் போயிருங்க...

உங்க வீடுதான்... யாரு இல்லேன்னா?... ரேஷன் கார்டுல உங்க பேருதான் இருக்கு, சரி... மாமா, உங்களப் பாத்துட்டா பர்மனென்ட் லெட்டரும் போச்சு, வேலையும் போச்சு! ஏழு வருசம் கான்ட்ராக்ட்ல கெடந்து தேஞ்ச மனுசன். எனக்கு பயமாருக்கு மாமா...

செத்துட்டாருன்னு வதந்தி வந்தா ஆயுசு கூடும்னு நீங்கதான சொல்லுவீங்க?... ஆங்! நூறு வயசு இருப்பீங்க... ஸ்ட்ராபெரியா? ரெண்டு டப்பா வாங்கியாரேன்... சரி, மூணு.

என்ன சத்தம்? கதவா?... வந்துட்டாங்களா! தொறக்காதீங்க... மாமா! மாமா!... ஏங்க, தொறந்துட்டாரு!

...ஹலோ? யாரு அழுறது?... நீங்களா!... அவங்களுக்குத் தமிழ் தெரியாது, தைரியமாச் சொல்லுங்க... செத்தவரோட அண்ணன்னு சொன்னீங்களா? நல்லது, நல்லது... அதுக்கு எதுக்கு இந்த அழுகை?... உங்களப் பத்தி அவ்வளவு நல்லாப் பேசுதாங்களா? உங்கள அவங்க பாத்ததே இல்லியே மாமா!... சரி, சரி, தங்கமான மனுசர்தான், யாரு இல்லேன்னா.

எதுனால போனாருன்னு கேட்டாங்களா? நெஞ்சுவலின்னு... என்னது? மருமவ சமையலா! மாமா!

...கவரா? உள்ள என்ன?... லெட்டரா! அனுதாபத்துல சாவந்த் சார் இன்னைக்கே குடுக்கச் சொன்னாராமா?... ஏங்க, லெட்டர் வந்துட்டு!... மாமா, உங்க காலத் தொட்டுக் கும்பிடுதேன். அத சாமி படத்துக்கிட்ட வைங்க. உங்க மவன் மொட்டையில கைய வச்சுட்டு அழுதாவ... நெசமாத்தான் மாமா, உங்கள நெனச்சுத்தான்.

இன்னும் என்ன?... பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கா? வரச் சொல்லிட்டீங்களா?... ஆபீஸ் முழுக்கவா!... சாவந்த் சாருமா!... ஆட்டுக்கறியா!... நீங்களே வாசல்ல நின்னு வரவேற்கப் போறீங்களா? மாமா, அன்னைக்கு உங்க போட்டோவ மாலை போட்டு வைக்கணுமே... அண்ணன் தம்பி ஒரே சாயல்னு சொல்லிக்கிடவா?... ஹலோ?... ஹலோ?...

ஏங்க, செத்தவரு போன வச்சுட்டாரு.